ஆற்றங்கரை வாரியக் குடியிருப்பு: பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா, இடம் மாறுவதா?

சென்னையில் கூவம், அடையாறு கரைகளை ஒட்டிய பழைய வாரியக் குடியிருப்புகளில் இருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "பிளாக்கை இடிக்கப் போறாங்களாம். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவிகள், இல்லையென்றால் சங்கப் பொறுப்பில் இருக்கும் இளைஞர்கள். அவர்களுக்கு அவகாசம் குறைவு. அதிகாரிகள் கூட்டம் போட்டு, படம் காட்டி, சம்மதப் படிவம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நிலவரம். 1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2021-ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வாரியம் முதல் இருபது ஆண்டுகளில் கட்டியவற்றில் பெரும்பாலானவை லிஃப்ட் இல்லாத நான்கு தள பிளாக்குகள். ஒரு வீடு இருநூறு, இருநூற்றைம்பது சதுர அடி. இப்போது கட்டுபவை ஏறக்குறைய நானூறு சதுர அடி. இதற்கிடையே ஆற்றங்கரையும் மாறிவிட்டது. அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011-ல் திறக்கப்பட்டது. கோட்டூர்புரத்தில் மரப்பூங்கா வளர்ந்திருக்கிறது. கூவம் கரையில் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் வேலைகள் நடக்கின்றன. நாற்றத்துக்காக ஒதுக்கப்பட்ட கரை, பூங்காவைப் பார்த்த நிலமாக ஆகிக்கொண்டிருக்கிறது. நிலத்தின் மதிப்பு ஏறும்போது, அங்கே ஐம்பது வருடமாக இருப்பவர்களை நகர்த்தும் அழுத்தமும் சேர்ந்து ஏறும். அதனால்தான் இந்த முடிவை வீட்டின் அளவை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது என்கிறேன்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எதுவும் செய்யாமல் அப்படியே இருந்துவிடுவது இந்த ஒப்பீட்டில் ஒரு வழியே இல்லை. 2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் ஒரு வாரிய பிளாக் முழுதாகச் சரிந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே எல்லோரும் வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. இத்தனைக்கும் அது எழுபதுகளில் கட்டியது அல்ல, தொண்ணூறுகளில் கட்டியது.

## எதை வைத்து அளப்பது?

கூட்டங்களில் பேசப்படுவது சதுர அடி, டைல்ஸ், லிஃப்ட். நான் பார்க்கச் சொல்வது வேறு ஏழு விஷயங்கள். முக்கியமானதை முதலில் வைத்திருக்கிறேன்.

1. உயிர்ப் பாதுகாப்பு. கட்டடம் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது? சீலிங் காரை பெயர்வது ஒன்று; பில்லரில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிவது முற்றிலும் வேறு.

2. எழுத்தில் என்ன இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணையா, தவணை கட்டிய ரசீதுகளா, கிரயப் பத்திரமா? புதிய ஏற்பாட்டில் எது கைக்கு வரும்?

3. இடைக்காலம். இடித்த நாளிலிருந்து சாவி வாங்கும் நாள்வரை எங்கே இருப்பது, யார் செலவில்?

4. ஆறு. வெள்ளம் எதுவரை வந்தது, கரை எல்லை எங்கே, அதே இடத்தில் கட்ட அனுமதி கிடைக்குமா?

5. பிழைப்பு. வேலை, பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை எவ்வளவு தூரம்?

6. குடியேறிய பிறகு மாதச் செலவு. லிஃப்ட், மோட்டார், பராமரிப்பு, தவணை.

7. கணக்கில் வராதவர்கள். ஒரே வீட்டில் இருக்கும் மகன் குடும்பம், வாடகைக்கு இருப்பவர், கீழ்த்தளத்தில் இட்லிக் கடையும் இஸ்திரி வண்டியும் வைத்திருப்பவர்.

பூங்காவைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. அது ஆற்றோடும் பிழைப்போடும் பின்னிக் கிடக்கிறது, அங்கங்கே வரும்.

## வழி ஒன்று: பழுதுபார்த்து இங்கேயே இருப்பது

யாரும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளி மாறாது, பத்துப் பாத்திரம் தேய்க்கும் அக்காவின் நான்கு வீடுகளும் போகாது. இடைக்காலம், பிழைப்பு, கணக்கில் வராதவர்கள் ஆகிய மூன்றிலும் இந்த வழிதான் முதலிடம். பெரும்பாலான கூட்டங்களில் இதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆனால் எல்லாக் கட்டடமும் பழுதுபார்க்கத் தாங்காது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது பருமனில் பல மடங்கு ஊதும். ஊதிய கம்பி தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டையே பிளந்துவிடும். சென்னையின் உப்புக் காற்று, வருடக்கணக்கில் ஒழுகும் கழிவறைக் குழாய், கம்பிக்கு மேல் போதிய கனம் வைக்காத பழைய வேலை எல்லாம் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும். மேலே சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் விரிசல் மறையும், துரு நிற்காது. அதனால் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லும் கருத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கான்கிரீட்டில் மாதிரி துளைத்தெடுத்துச் செய்யும் சோதனை, கம்பியின் துரு அளவு, அஸ்திவாரம் இறங்கியிருக்கிறதா என்ற மூன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும். அறிக்கை பிளாக் வாரியாக வேண்டும் என்பதும் முக்கியம். ஒரே வளாகத்தில் ஒரு பிளாக் நன்றாகவும் பக்கத்து பிளாக் அபாயமாகவும் இருப்பது சாதாரணம்.

மறைந்திருக்கும் செலவு, இந்தப் பழுதுபார்ப்பு தரும் ஆயுள். பத்துப் பதினைந்து வருடம் கிடைத்தால் நல்ல வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இதே கேள்வி திரும்ப வரும். அப்போது நிலத்தின் மதிப்பு இன்னும் ஏறியிருக்கும். அப்புறம், வீடு பெரிதாகாது. மாடி ஏற முடியாத முதியவருக்கு லிஃப்ட் வராது. 2015 டிசம்பரில் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்த பிளாக் என்றால், பில்லரை எவ்வளவு பலப்படுத்தினாலும் அடுத்த வெள்ளத்தில் தண்ணீர் மறுபடி உள்ளே வரும்.

பில்லரும் அஸ்திவாரமும் தாங்கும் என்று அறிக்கை சொன்னால், வெள்ளம் ஏறாத மட்டத்தில் கட்டடம் இருந்தால், முக்கியமாகக் கிரயப் பத்திரம் இன்னும் கைக்கு வராமல் இருந்தால், இதுதான் நல்ல வழி. பத்திரம் வாங்குவதற்கான காலத்தை இது உங்களுக்குக் கொடுக்கும்.

## வழி இரண்டு: இடித்து, அதே இடத்தில் வாரியமே கட்டுவது

அதிகம் பேருக்கு முன்னால் இருப்பது இந்த வழி. எனக்கும் கொள்கை அளவில் பிடித்தது இதுதான். இடம் மாறாமல் வீடு பெரிதாகிறது, நிலம் பொதுச் சொத்தாகவே நீடிக்கிறது. ஆனால் இதன் தரம் முழுக்க இடையில் வரும் இரண்டு மூன்று வருடங்களைப் பொறுத்தது.

பணத்திலிருந்து தொடங்கலாம். மறுகட்டுமானத்தின்போது வெளியே தங்குவதற்கு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுத்துவந்தார்கள், அது 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நல்ல உயர்வுதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை 24 மாதம் ஆகிறது, மாதம் 6,000 ரூபாய்க்கு ஒரு சின்ன வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை மட்டும் 1,44,000 ரூபாய். உதவித்தொகையைக் கழித்தால் 1,20,000 ரூபாய் கைக்காசு. இதில் அட்வான்ஸ் இல்லை, சாமான் ஏற்றிய வண்டிக்கூலி இல்லை, வேலை தாமதமானால் கூடும் மாதங்கள் இல்லை. ஒரே சமயத்தில் முந்நூறு குடும்பங்கள் அதே சுற்றுவட்டாரத்தில் வீடு தேடினால் வாடகையும் 6,000-ல் நிற்காது.

இதன் மேல் பயனாளி பங்குத்தொகை வரும். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் கட்டப்படும் வீடுகளுக்கு மத்திய அரசு வீட்டுக்கு 1.5 லட்சம் கொடுக்கிறது. மீதிச் செலவு மாநில அரசு, பயனாளி இருவர் மீதும் விழுகிறது. பயனாளியின் பங்கு திட்டத்துக்குத் திட்டம் வேறுபடுகிறது. ஏற்கனவே தவணை முழுக்கக் கட்டி முடித்த குடும்பம், இடித்த வீட்டுக்குப் பதிலாக வரும் வீட்டுக்கு மறுபடி பணம் கட்டுவது நியாயமா என்பது உண்மையான கேள்வி. பழைய தவணைகளைப் புதிய தொகையில் கழிக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. கேளுங்கள். இந்தத் திட்டத்தில் வீடு வாங்கிய குடும்பத்துக்கு நாட்டில் வேறெங்கும் சொந்தமாகக் கல்வீடு இருக்கக் கூடாது என்ற விதியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அப்பா பெயரில் இருக்கும் ஓட்டு வீட்டைப் பிரித்து எழுதும்போது இது குறுக்கே வரலாம்.

அடுத்தது ஆறு. கூவத்திலும் அடையாற்றிலும் கடல் ஏற்றம் உள்ளே வரும் தூரம்வரை கடலோர ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும். 2019 அறிவிக்கையின்படி கரையிலிருந்து 50 மீட்டர் அல்லது நீரோட்டத்தின் அகலம், இவற்றில் எது குறைவோ அந்தத் தூரம். கட்டவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. தனி அனுமதி வேண்டும் என்பதே அர்த்தம். ஆனால் அனுமதி வாங்காமல் இடித்துவிட்டு, பிறகு வரைபடம் மாறி, கரை ஓரமாக இருந்த இரண்டு பிளாக்குகளுக்கு இடமில்லாமல் போனால், அந்தக் குடும்பங்கள் எங்கே போகும்? "அதே இடம்" என்று சொல்லும்போது அதே சர்வே எண்ணா, அதே வட்டாரமா என்று கேட்டே ஆக வேண்டும். தமிழக அரசின் பட்டா இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் நிலப் பதிவேட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வாரியத்தின் பெயரா, ஆற்றுப் புறம்போக்கா என்பதில் பாதிக் கதை தெரிந்துவிடும். நிலம் வாரியத்தின் பெயருக்கு மாறாததால்தான் பல திட்டப் பகுதிகளில் தவணை கட்டி முடித்தவர்களுக்கும் கிரயப் பத்திரம் வராமல் கிடந்தது.

திட்ட அனுமதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, கூட்டங்களில் இது பேசப்படுவதே இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டும்போது 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தை எங்கே வைப்பது? ஆற்றை ஒட்டி, கரைப் பூங்காவோடு சேர்த்து வைத்தால் வெள்ளத்துக்கு விரிந்து போக இடம் கிடைக்கும், கட்டடங்கள் ஓரடி தள்ளி நிற்கும், பிள்ளைகளுக்கு விளையாட்டு இடமும் ஆகும். ரோட்டு முனையில் அலங்காரத்துக்கு வைத்தால் கட்டடம் தண்ணீர்ப் பக்கம் தள்ளப்படும். இது வரைபடத்தில் ஒரு கோடு. ஆனால் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது அடுத்த ஐம்பது வருட மழைக்காலங்களைத் தீர்மானிக்கும்.

பூங்காவுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பதையும் கேளுங்கள். தொல்காப்பியப் பூங்காவுக்குள் பல ஆண்டுகள் முன்பதிவு செய்தவர்களும் மாணவர் குழுக்களும்தான் போக முடிந்தது. அங்கே சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற அது தேவையாக இருந்தது. உங்கள் வளாகத்தை ஒட்டி வரும் பூங்காவும் அப்படிப்பட்டதா, இல்லை சாயங்காலம் பாட்டிகள் உட்காரும் பூங்காவா என்பது இப்போதே தெரிய வேண்டும். சுற்றுச்சுவர் எழும்பிய பிறகு வாசல் கேட்டு வாங்குவது கஷ்டம்.

கடைசியாக மாதச் செலவு. 18.30 மீட்டர் உயரத்துக்கு மேல் போனால் விதிப்படி அது உயர்மாடிக் கட்டடம். லிஃப்ட், ஜெனரேட்டர், தீயணைப்புக் குழாய், பெரிய மோட்டார் எல்லாம் வரும். அவற்றின் மின்கட்டணமும் ஒப்பந்தமும் மாதாமாதம் வரும். "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் போடுகிறது. அதாவது வசூல் ஒழுங்காக நடக்கும் இடத்தில்தான் அரசுப் பணமும் வரும். லிஃப்ட் நின்றால் எட்டாவது மாடியில் இருக்கும் மூட்டுவலிக்காரர் சிறைப்பட்டுப் போவார். நான்கு தளத்தில் பழகியவர்கள் இந்தச் செலவைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள்.

வேலையின் தரத்தையும் முதல் நாளிலிருந்தே கண்காணிக்க வேண்டும். புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்காத் திட்டத்தில் 2021-ல் தொட்டால் உதிர்ந்த பூச்சைச் சென்னை முழுக்கப் பார்த்தோம். அதன் பிறகு ஐஐடி மெட்ராஸ் வல்லுநர்கள் வந்து ஆராய வேண்டியிருந்தது. கட்டி முடித்த பிறகு ஆராய்வதைவிட, கான்கிரீட் போடும் நாளில் சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் அங்கே நிற்பது மேல்.

கட்டடம் உண்மையிலேயே தாங்காது என்றால், நிலம் வாரியத்தின் பெயரில் தெளிவாக இருந்தால், திரும்பி வரும் உரிமை குடும்பம் குடும்பமாகப் பெயர் போட்டு எழுத்தில் வந்தால், இந்த வழியைத் தயங்காமல் எடுக்கலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் கையெழுத்தைத் தள்ளி வையுங்கள்.

## வழி மூன்று: தனியார் பங்கோடு அதே இடத்தில் கட்டுவது

கட்டுநர் தன் செலவில் உங்களுக்கு வீடு கட்டித் தருவார். மிச்ச நிலத்தில் விற்பனைக்கு அடுக்குமாடி எழுப்பி லாபம் எடுப்பார். பூங்காவும் ஆறும் தெரியும் மனை என்றால் அவருக்கு ஆர்வம் அதிகம். சென்னை வாரியக் குடியிருப்புகளில் இது இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் நிலத்தின் மதிப்பு ஏறும் இடங்களில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும், அதனால் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மும்பையில் 1995-ல் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தார்கள். வீடு இலவசம், இப்போதைய அளவு 300 சதுர அடி. பயனாளியிடம் பணம் வாங்குவதில்லை என்பது பெரிய ஈர்ப்பு. ஆனால் இடைக்கால வாடகையைக் கட்டுநர் பாதியில் நிறுத்திவிட்டு, வேலையும் கிடப்பில் போன திட்டங்கள் அங்கே ஏராளம். விற்பனைக் கட்டடத்துக்கு நல்ல முகப்பையும் காற்றையும் கொடுத்துவிட்டு, மறுவாழ்வுக் கட்டடங்களை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் பின்னால் நிறுத்துவதும் அங்கே கண்கூடு. நம் ஊரில் ஆற்றுப் பக்கம் யாருக்கு, ரோட்டுப் பக்கம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் எல்லாம் தெரியும்.

டொராண்டோவின் அனுபவம் கொஞ்சம் வேறு. டான் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அருகே இருக்கும் ரீஜன்ட் பார்க்கில் அரசு மானிய வாடகை வீடுகள் 2,083 இருந்தன. 2005-ல் கட்டம் கட்டமாக இடித்து, மானிய வீடுகளையும் விற்பனை வீடுகளையும் கலந்து கட்டத் தொடங்கினார்கள். அங்கே வாடகைதாரர்களுக்குத் திரும்பி வரும் உரிமை எழுத்தில் கொடுக்கப்பட்டது. நமக்குப் பாடம் அதுதான். ஆனால் முதல் கட்டத்தில் மாற்று வீடுகளில் ஒரு பகுதியை ரீஜன்ட் பார்க்குக்கு வெளியே, நகர மையத்தின் வேறு தெருக்களில் கட்டினார்கள். உரிமைப் பத்திரம் இருந்தும் "அதே இடம்" என்பதன் எல்லை நழுவியது. அங்கே மானிய வீடுகளை வைத்திருப்பது நகரத்தின் பொது அமைப்பு, வாடகைக்கு விடுவதும் அதுவே. நம் ஊரில் தனியார் கையில் பாதி நிலம் போய்விட்டால் அது திரும்பி வராது.

பொது நிலத்தை ஒருமுறை விற்றால் அடுத்த தலைமுறை ஏழைகளுக்கு நகரத்துக்குள் இடம் இருக்காது. இதனாலேயே எனக்கு இந்த வழியில் நம்பிக்கை குறைவு. நிலம் வாரியத்தின் பெயரிலேயே நீடித்து, உங்கள் வீடுகளை முதலில் கட்டிக் கொடுத்த பிறகே விற்பனைக் கட்டடத்துக்கு அனுமதி என்று ஒப்பந்தம் இருந்து, இடைக்கால வாடகை முழுவதையும் முன்கூட்டியே வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டால் மட்டும் பேச்சுவார்த்தைக்கு உட்காரலாம்.

## வழி நான்கு: பெரும்பாக்கம் போன்ற இடத்துக்குப் போவது

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலிருந்தும், கூவம் சீரமைப்புக்காக அந்தக் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், சென்னையின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்தில் வாரியம் கட்டிய அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். வீடு உடனே கிடைக்கிறது. இடைக்காலம் என்ற ஒன்றே இல்லை. லிஃப்ட் உண்டு, தனிக் கழிவறை உண்டு. இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

இழப்பு பிழைப்பில். நகர மையத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். மகளிருக்குப் பேருந்து இலவசம் என்றாலும் நேரம் இலவசம் இல்லை. காலை ஆறரைக்கு மயிலாப்பூரில் வாசல் தெளிக்க வேண்டிய பெண் நான்கரைக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போனதா என்று பார்க்க வீட்டில் ஆள் இருக்காது. கல்வியாண்டின் நடுவே மாற்றினால் படிப்பு நின்றுபோகும். மீன் விற்பவருக்கும் பூக்கட்டுபவருக்கும் வாடிக்கை என்பது இருபது வருடச் சேமிப்பு, அதை லாரியில் ஏற்ற முடியாது.

வெள்ளத்திலிருந்து தப்பிக்கப் போகிறோம் என்று நினைப்பவர்களும் யோசிக்க வேண்டும். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணை சதுப்பு நிலப் பக்கத்தில் இருக்கும் தாழ்வான பகுதிகள். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் அங்கே தண்ணீர் நின்றது. ஆற்றங்கரையில் வெள்ளம் வேகமாக ஏறும். அங்கே மெதுவாக வடியும். இரண்டு துன்பமும் துன்பம்தான்.

ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஏற்கனவே வேலை இருக்கிற குடும்பத்துக்கு, ஒரே வீட்டில் மூன்று குடும்பமாக நெருக்கியடித்து இருந்து அதில் ஒரு இளம் குடும்பம் தானாகவே தனி வீடு விரும்பினால் அவர்களுக்கு, இது நல்ல வழி. மொத்த வளாகத்துக்கும் ஒரே தீர்வாக இதைச் சொன்னால் நான் எதிர்ப்பேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பழுதுபார்ப்பு | வாரியம் மறுகட்டுமானம் | தனியார் பங்கு | இடமாற்றம் |
|---|---|---|---|---|
| பாதுகாப்பு | அறிக்கையைப் பொறுத்தது | நல்லது, வேலைத் தரத்தைக் கண்காணித்தால் | அதேபோல் | உடனடி |
| பத்திரம் | பழைய நிலையே தொடரும் | புதிதாக வர வாய்ப்பு, எழுத்தில் வாங்கணும் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | புதிய ஒதுக்கீடு, தவணை |
| இடைக்காலம் | இல்லை | 2–3 வருடம், பெரும் கைச்செலவு | நிச்சயமற்றது | இல்லை |
| ஆறு, வெள்ளம் | மாறாது | வரைபடம் சரியாக இருந்தால் மேம்படும் | ஆற்றுப் பக்கம் விற்பனைக்குப் போகும் அபாயம் | வேறு வகை வெள்ளம் |
| பிழைப்பு | பாதிப்பில்லை | தற்காலிகப் பாதிப்பு | தற்காலிகப் பாதிப்பு | நிரந்தரப் பாதிப்பு |
| மாதச் செலவு | குறைவு | கூடும் | அதிகம் கூடும் | கூடும், பயணமும் சேரும் |
| கணக்கில் வராதவர்கள் | தொடர்ந்து இருக்கலாம் | விடுபடும் அபாயம் | விடுபடும் அபாயம் மிக அதிகம் | சிலருக்கு வீடு கிடைக்கும் |

## யார் விடுபடுகிறார்கள்?

அட்டவணையின் கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1978-ல் ஒதுக்கீடு வாங்கிய தாத்தா இறந்துவிட்டார். வீட்டில் இப்போது இரண்டு மகன்களின் குடும்பங்களும் கணவர் கைவிட்ட ஒரு மகளும் இருக்கிறார்கள். ஆணை இன்னும் தாத்தா பெயரில். மறுகட்டுமானத்தில் ஓர் ஆணைக்கு ஒரு வீடு. யாருக்கு என்ற சண்டை அங்கேயே தொடங்கும், பெரும்பாலும் மகள்தான் வெளியே நிற்பாள். கணக்கெடுப்பு வருவதற்கு முன்பே வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வீட்டை வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் வாங்கியவர்களின் நிலை இன்னும் சிக்கல். அவர்கள் அசல் ஒதுக்கீட்டாளரைத் தேடிப் பிடித்து முறைப்படுத்த வேண்டியது இப்போதே, பிளாக் நிற்கும்போதே. இடித்த பிறகு அவர்கள் அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சியாகக் கதவு எண்கூட மிஞ்சாது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு எந்தத் திட்டத்திலும் அநேகமாக இடமில்லை. சங்கம் அவர்களையும் கணக்கெடுப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வீடு கிடைக்காவிட்டாலும் இடைக்கால உதவி கேட்கவாவது அது உதவும்.

## கையெழுத்துக்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டியவை

என் விருப்ப வரிசையைச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் தாங்கும் என்றால் முதல் வழி, அதைப் பத்திரம் வாங்கும் காலமாகப் பயன்படுத்த வேண்டும். தாங்காது என்றால் இரண்டாவது வழி, ஆனால் கட்டம் கட்டமாக. வளாகத்தில் ஒரு காலி மூலை இருந்தாலும் அங்கே முதல் கட்டடத்தை எழுப்பி, ஒரு பிளாக்கை அதில் குடியேற்றி, காலியான பிளாக்கை இடித்து அடுத்ததைக் கட்டலாம். இப்படிச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு வாடகை வீடே தேவைப்படாது. வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்கலாம்.

கூட்டத்தில் வாயால் சொன்னது நிற்காது. பின்வருவனவற்றை எழுத்தில், கையொப்பத்தோடு, முத்திரையோடு கேளுங்கள்:

- பிளாக் வாரியாகக் கட்டடப் பரிசோதனை அறிக்கை, தமிழில்.
- திரும்பி வரும் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல், சர்வே எண்ணோடு, பிளாக் எண்ணோடு.
- இடைக்கால உதவி எத்தனை மாதத்துக்கு, தாமதமானால் மாதத்துக்கு எவ்வளவு கூடுதல் என்ற விவரம்.
- பங்குத்தொகை எவ்வளவு, பழைய தவணை அதில் கழிக்கப்படுகிறதா என்ற விவரம்.
- 2015 வெள்ள மட்டத்தைக் காட்டும் வரைபடம். கீழ்த்தளம் தூண்கள் மட்டும் உள்ள திறந்த தளமா, மின் அறையும் மோட்டாரும் அந்த மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்பது அதில் தெரிய வேண்டும்.
- பூங்காவுக்கான வாசல், கடைகளுக்கான இடம், வண்டி நிறுத்தம் குறிக்கப்பட்ட மனை வரைபடம்.
- முதியவர், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களுக்குக் கீழ்த்தளங்களில் முன்னுரிமை.

தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவைத் தனியாள் பெயரில் போடாமல், பிளாக்குக்கு ஒருவராக நான்கைந்து பேர் போட்டால் ஒருவர் மேல் அழுத்தம் விழாது. பதில் வரும்வரை சம்மதப் படிவத்தைப் பூர்த்தி செய்யாமல் வீட்டிலேயே வைத்திருக்கலாம், அதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனால் அறிக்கையில் பில்லர் தாங்காது என்று ஒரு வரி இருந்துவிட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள். படிவத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அன்றைக்கே பிள்ளைகளோடு அந்த பிளாக்கை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.